பதில் கடமைத் தாய்மாமன்

மழை பெய்தால் மண் சரியும், மண் சரிந்தால் ரயில் நிற்கும் என்பது மலைநாட்டில் பிறந்த பச்சைப் பிள்ளைக்கும் தெரியும். அரசாங்கத்துக்குத்தான் தெரியாமல் இருந்திருக்கிறது. தெரிந்துகொள்வதற்காகக் கொழும்பில் ஒரு ஹோட்டலில் மூன்று நாள் செயலமர்வு நடத்தினார்கள். லிந்துலையில் உள்ள எங்கள் பயண இலகுபடுத்தல் அலகிலிருந்து அபிவிருத்தி உத்தியோகத்தர் கஜேந்திரன் சேரும், அவருக்குக் கீழே எழுதுவினைஞராக இருக்கும் சுதாகரனாகிய நானும் போனோம். அவர் கற்றுக்கொள்ளப் போனார். நான் அவருடைய பைகளைத் தூக்கப் போனேன்.

செயலமர்வின் தலைப்பு ‘மனப்பாங்கு மாற்றத்தினூடாகத் தடையற்ற பயணம்’. தடங்கல் என்று ஒன்று உலகத்திலேயே இல்லை, வாய்ப்பு மட்டும்தான் இருக்கிறது என்று முதல் நாள் சொல்லித் தந்தார்கள். இரண்டாம் நாள் அதையே கலர் கலரான ஒட்டுத்தாள்களில் எழுதிச் சுவரில் ஒட்டினோம். மூன்றாம் நாள் ஒட்டியதைப் படம் எடுத்தோம். முடிவில் சேருக்குப் ‘பயணத் தடங்கல் முகாமையாளர்’ என்று ஒரு சான்றிதழ் கிடைத்தது. பதினான்கு நாளுக்குள் களப்பயிற்சி அறிக்கை அனுப்பாவிட்டால் அது செல்லாது என்றும் சொல்லிவிட்டார்கள். சேருக்கு அந்தக் கவலையில் இரவுச் சாப்பாடு இறங்கவில்லை.

மறுநாள் வெள்ளிக்கிழமை, காலை ரயிலில் ஊருக்குப் புறப்பட்டோம். அன்றைக்கு அவருடைய தங்கை இந்திராதேவியின் மகள் கௌசிக்கு மாலை ஐந்து மணிக்குப் பரிசம். பெண்வீட்டுச் சார்பில் தாய்மாமன்தான் கைநீட்டித் தட்டை வாங்க வேண்டும். அவர் இல்லாவிட்டால் தட்டு மாறாது. தட்டு மாறாவிட்டால் வந்தவர்கள் எழுந்து போய்விடுவார்கள். கௌசிக்கு இதற்கு முன் இரண்டு சம்பந்தம் தட்டு வரைக்கும் வந்து நின்றுபோயிருந்தன. அதனால் சேர் மாமன் சேலையைக் கொழும்பிலேயே வாங்கி, வழி முழுக்க மடியில் வைத்திருந்தார்.

பகல் ஒன்றரை மணிக்கு, றொசல்லையைத் தாண்டி ஒரு வளைவில் ரயில் நின்றது.

இறங்கிப் பார்த்தோம். தேயிலைச் சரிவிலிருந்து கொஞ்சம் மண் தண்டவாளத்தில் விழுந்திருந்தது. கொஞ்சம் என்றால் இடுப்பளவு. மேலே தண்ணீர்க் கான் வெட்டிக்கொண்டிருந்த நாலு பேர் மண்வெட்டிகளோடு இறங்கி வந்து, அரை மணி நேரத்தில் அள்ளிவிடலாம் என்றார்கள்.

“யாரும் மண்ணைத் தொடக் கூடாது” என்றார் சேர்.

ரயில் கார்ட் திரும்பிப் பார்த்தார். சேர் சான்றிதழை எடுத்து நீட்டினார். அதில் மூன்று மொழியும் ஒரு தங்க நிற வட்டமும் இருந்தன. கார்ட் தொப்பியைச் சரிசெய்துகொண்டார்.

“மண்ணு தோட்டத்துது. தண்டவாளம் ரயிலுது. மழை யாருதுன்னு இன்னும் தெரியல. சம்பந்தப்பட்ட எல்லாத் தரப்பையும் கலந்து பேசாம அள்ளினா நாளைக்கு யாரு பதில் சொல்றது?” என்று கேட்டார் சேர். நாலு பேரும் மண்வெட்டியைக் கீழே வைத்தார்கள். பதில் சொல்லும் உத்தியோகம் அவர்களுக்கு இல்லை.

அப்போது மூன்றாம் வகுப்பிலிருந்து ஒரு அம்மா இறங்கி, உமல்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு எங்களிடம் வந்தார்.

“சேர், என்னைத் தெரியுதுங்களா? லிந்துலை அழகம்மா. போன மாசம் ஒரு விண்ணப்பப் பாரத்துக்கு சீல் குத்த ஒங்க கந்தோருக்கு வந்தேன். நாலு பதினாறு ஆயிருச்சு, நாளைக்கி வாங்கன்னு இந்தத் தம்பி அனுப்பிருச்சு.”

அது உண்மை. நாலேகாலுக்குப் பிறகு எந்தச் சூழ்நிலையிலும் சீல் எடுக்கப்படலாகாது என்று சேர் அலுவலகத்தில் ஒரு சுற்றுநிருபம் போட்டிருந்தார். சீல் எப்போதும் என் பையில்தான் இருக்கும். அழகம்மாவுக்கு அன்று கொழுந்து பறிக்கும் சம்பளம் ஒருநாள் போனதை அவர் இப்போது சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

“இன்னைக்கி ஒங்க தங்கச்சி மகளுக்குப் பரிசம்னு ஊருக்கே தெரியும். மேல ஏறினா ரோட்டு. அட்டனுக்கு பஸ் ஓடுது. அங்கேருந்து மாறினா நாலு மணிக்கெல்லாம் லிந்துலை. வாங்க சேர், போவோம்” என்றார் அழகம்மா.

“எப்படிம்மா வர்றது? அரசாங்கம் குடுத்த ரயில் வொறண்ட்ல தலவாக்கலை வரைக்கும்னு எழுதியிருக்கு. நான் இங்க இறங்கிட்டா பயணம் பூர்த்தியாகாது. பூர்த்தியாகாத பயணத்துக்கு விளக்கம் கேப்பாங்க.”

“பரிசத்துக்குப் போகாட்டி?”

“அதுக்கு யாரும் விளக்கம் கேக்க மாட்டாங்க.”

அழகம்மா வானத்தைப் பார்த்தார். “மழை கறுக்குதுங்க. சேலையாவது குடுங்க, நான் கொண்டுபோய்ச் சேக்கிறேன்.”

அது நல்ல யோசனையாகப் பட்டது. ஆனால் கடிதம் இல்லாமல் ஒரு பொருளைக் கையளிக்க சேருக்குக் கை வராது. கந்தோர்த் தாளை எடுத்து எழுதினார்: ‘இக்கடிதத்தையும் மேற்படி சேலையையும் கொண்டுவரும் திருமதி அழகம்மா, மேற்படி வைபவம் தொடர்பான சகல கருமங்களையும் எனது சார்பில் ஆற்றுவதற்கு, மறு அறிவித்தல் வரை, இத்தால் அதிகாரமளிக்கப்படுகிறார்.’ சேலையைக் கொடுக்க ஒரு வரி போதும்தான். அவருக்குச் சின்னதாக எழுதிப் பழக்கமில்லை. மணி இரண்டு. நான் சீல் குத்தினேன். அழகம்மா சரிவில் ஏறிப் போய்விட்டார்.

பிறகு சேர் பயணிகளை நான்கு குழுவாகப் பிரித்தார். முதலில் ஒவ்வொருவரும் பெயரையும் பிடித்த மரக்கறியையும் சொல்ல வேண்டும். கார்ட் போஞ்சி என்றார். எஞ்சின் டிரைவர் லீக்ஸ் என்றார். ஒரு வியாபாரி எனக்கு மரக்கறியே பிடிக்காது என்று சொல்ல, அவரை நான்காம் குழுவுக்கு மாற்றினோம். மண்வெட்டிக்காரர்கள் நாலு பேரும் ‘களமட்டத் தரப்பினர்’ ஆனார்கள்.

பிரச்சினையை மஞ்சள் தாளில் எழுதி ரயில் பெட்டியில் ஒட்டச் சொன்னார் சேர். எல்லாரும் ‘மண்’ என்று எழுதினார்கள். அது அறிகுறி, மூலகாரணம் அல்ல என்று சேர் திருப்பிக் கொடுத்தார். இரண்டாவது தடவை ‘மழை’ என்று எழுதினார்கள். மூன்றாவது தடவை ‘மனப்பாங்கு’ என்று எழுதினார்கள். சேர் கை தட்டினார். இரண்டு வெள்ளைக்காரர்கள் மட்டும் ‘அழகு’ என்று தங்கள் பாஷையில் எழுதி, மண்குவியலில் ஏறி நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். அதைப் பார்த்து எங்கள் ஆட்களும் வரிசையில் நின்றார்கள்.

எனக்கு எரிச்சலாகத்தான் வந்தது. ஆனாலும் இரண்டாம் குழுவுக்கு என்னைத் தலைவராக்கியதும் எரிச்சல் கொஞ்சம் குறைந்ததை மறைக்க மாட்டேன்.

மூன்றரைக்கு ‘களமட்டத் தரப்பினர்’ பொறுமை இழந்து, யாரிடமும் கேட்காமல் மண்ணை அள்ளி முடித்துவிட்டார்கள். பாதை திறந்துவிட்டது. ஆனால் டிரைவர் மூன்றாம் குழுவில் இருந்தார், அவருடைய முன்வைப்பு இன்னும் வரவில்லை. நேரம் பார்க்கும் பொறுப்பு கார்டுக்கு. அவரும் ஒவ்வொரு குழுவுக்கும் பத்து நிமிடம் கூட்டிக் கொடுத்துக்கொண்டிருந்தார்.

நாலரைக்கு சேரின் போனில் இந்திராதேவியின் கோல் வந்தது.

“அண்ணே, மாப்பிள்ளை வீட்டாளுங்க வந்துட்டாங்க. எங்கண்ணே இருக்கீங்க?”

“மூன்றாம் குழுவின் முன்வைப்பில் இருக்கேம்மா.”

“அது எந்த ஊருங்கண்ணே?”

சேர் பதில் சொல்வதற்குள் சிக்னல் போய்விட்டது. அவர் முகம் அப்போதுதான் கறுத்தது. “சுருக்கமா முடிங்க” என்று டிரைவரைக் கெஞ்சினார். சபையை மதிக்க வேண்டும் என்று டிரைவர் சேருடைய பாடத்தையே சேருக்குச் சொன்னார். ரயில் ஐந்தேகாலுக்குப் புறப்பட்டது.

லிந்துலையில் பரிச வீட்டுக்குள் நுழையும்போது ஏழு மணியாகப் பத்து நிமிடம் இருந்தது. சேர் அழுதுவிடுவார் போல இருந்தார். ஆனால் உள்ளே ஒரே சிரிப்பும் சத்தமும். தட்டு மாறியிருந்தது. கௌசி மாமன் சேலையில் இருந்தாள். தாய்மாமன் நாற்காலியில், நெற்றி நிறையச் சந்தனத்தோடு அழகம்மா உட்கார்ந்திருந்தார்.

மாப்பிள்ளையின் அப்பா பொன்னையா, தோட்டத்தில் நாற்பது வருஷம் கணக்கப்பிள்ளையாக இருந்து ஓய்வுபெற்றவர். தாய்மாமன் இல்லாமல் தட்டு மாற்ற முடியாது என்று அவர் எழுந்த நேரத்தில்தான், மழையில் பஸ் பிந்திய அழகம்மா கடிதத்தோடு வந்திருக்கிறார். பொன்னையா கண்ணாடி போட்டு இரண்டு தரம் படித்தாராம். சீல் அடையாளத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாராம். “சகல கருமமும்னு இருக்கு. அப்ப சரி” என்று தட்டைத் தூக்கிக் கொடுத்துவிட்டாராம்.

சேருக்கு நிம்மதி ஒரு நிமிடம்தான் தாங்கியது. “அழகம்மா, நான் வந்துட்டேன். கொஞ்சம் எந்திரிங்க.”

“எந்திரிக்கிறேனுங்க. சம்பந்திதான் வேணாங்குறாரு.”

“மறு அறிவித்தல் வரைன்னு போட்டிருக்குங்களே. மறு அறிவித்தல் எங்க?” என்று கேட்டார் பொன்னையா. “வர்ற தையில கல்யாணம். மாலை எடுத்துக் குடுக்கிறதும் இவங்கதான்.”

சேர் அங்கேயே முழங்காலில் தாளை வைத்து ரத்துக் கடிதம் எழுதி என்னிடம் நீட்டினார். “சுதாகரன், சீல்.”

நான் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன். “நாலேகாலுக்குப் பிறகு எந்தச் சூழ்நிலையிலும் சீல் எடுக்கப்படலாகாது, சேர்.”

மூன்று நாள் அவர் பைகளைத் தூக்கிய தோள்வலி அந்த நிமிடத்தில் பறந்துபோனது. சேர் கடிதத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். பொன்னையா என் தோளைத் தட்டி, இப்படி நாலு பேர் இருக்கிறதால்தான் நாடு நடக்கிறது என்றார். அந்தப் பெருமையோடு, காலையிலிருந்து காய்ந்த வயிற்றோடு, பந்திக்குப் போய் உட்கார்ந்தேன். ஆட்டுக்கறி வாசம் வந்தது.

பழைய கணக்கப்பிள்ளைப் பழக்கத்தில், தானே இலையை எண்ணிப் போட வந்த பொன்னையா நின்றார். “தம்பி பொண்ணு வீடா, மாப்பிள்ளை வீடா?”

“கந்தோருங்க.”

“கந்தோரு நாலேகாலோட முடிஞ்சிருமே. இப்ப தம்பி யாரு?”

அவர் இலையைக் கையில் வைத்துக்கொண்டே, முறைப்படி தீர்ப்புச் சொல்ல வேண்டிய தாய்மாமனைத் திரும்பிப் பார்த்தார். அழகம்மா கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். கோபம் ஒன்றும் இல்லை. போன மாதம் கந்தோரில் நான் எந்தக் குரலில் சொன்னேனோ அதே குரலில், மரியாதையாகச் சொன்னார்.

“நாளைக்கி வாங்க, தம்பி.”