நீங்களும் வாங்க சார்

கோயம்புத்தூரில் இப்போது கொசுவுக்கு அடுத்தபடியாகப் பெருகிக்கொண்டிருக்கும் ஜீவராசி எது என்று என்னைக் கேட்டால், யோசிக்காமல் சொல்வேன்: மென்டார். தமிழில் ‘வழிகாட்டி’ என்று சொல்லலாம்தான். ஆனால் அப்படிக் கூப்பிட்டால் அவர் திரும்பிப் பார்க்க மாட்டார். பீளமேட்டிலிருந்து சரவணம்பட்டி வரைக்கும் எந்தக் கல்லூரியிலாவது ஸ்டார்ட்அப் விழா நடந்தால் முதல் வரிசையில் பாருங்கள். கழுத்தில் பட்டையோடு அடையாள அட்டை, கையில் சர்க்கரை கம்மியான காபி, முகத்தில் இன்னும் பத்து நிமிடத்தில் யாருக்காவது அறிவுரை சொல்லாவிட்டால் மூச்சு முட்டிவிடும் என்கிற தவிப்பு. அவரேதான்.

எனக்குத் தெரிந்த ரங்கராஜ் சாரையே எடுத்துக்கொள்ளுங்கள். தங்கமான மனிதர், ஒருவருக்கும் கெடுதல் நினைக்காதவர். தாத்தா பருத்திக்காட்டை விற்று ஸ்பின்னிங் மில் கட்டினார், அப்பா அந்த மில்லைப் பெருக்கினார், இவர் அதைக் கல்யாண மண்டபம் ஆக்கினார். அப்போதெல்லாம் கேட்டவர்களிடம் “மில்லு ஓடலைங்க” என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார். மென்டார் ஆன பிறகு அதற்கு ‘பிவட்’, அதாவது தொழிலில் பாதை மாற்றம், என்று பெயர் வைத்துவிட்டார். மண்டபத்தில் முகூர்த்தம் இல்லாத நாளில் மனிதர் என்னதான் செய்வார்? இளைஞர்களை உருவாக்குகிறார்.

இதற்குச் சம்பளம் உண்டா என்று கேட்டுவிடாதீர்கள், கோபித்துக்கொள்வார். “அந்தப் புள்ளைக மொகத்துல வர்ற சிரிப்பிருக்குதுங்களே, அதுதானுங்க நமக்குக் கூலி” என்பார். சிரிப்பு போக ஒரு பொன்னாடை, ஒரு கண்ணாடி ஷீல்டு, ஒரு போட்டோ. ஷீல்டு எல்லாம் ஹாலில் வரிசை கட்டி நிற்கிறது. பொன்னாடைகளை அவர் மனைவி வீணாக்குவதில்லை. அவர்கள் வீட்டில் இன்வெர்ட்டர், வாஷிங் மெஷின், தையல் மெஷின், மூன்று கிரைண்டர், எல்லாமே கௌரவிக்கப்பட்ட நிலையில்தான் இருக்கின்றன.

அவரிடம் எந்த ஐடியாவை வேண்டுமானாலும் கொண்டுபோங்கள். தேங்காய் உரிக்கும் மெஷினா, கோழிக்கு மொபைல் ஆப்பா, ராக்கெட்டா, வித்தியாசமே கிடையாது. கண்ணை மூடிக்கொள்வார். சாமி வந்துவிட்டதோ என்று நீங்கள் பயப்படும் நேரத்தில் ஒற்றைக் கண்ணைத் திறந்து, “ஸ்கேல் ஆகுமா அம்மணி?” என்பார், பெரிதாக வளருமா என்று அர்த்தம். ஆகும் என்றால், “அவசரப்படாதீங்க” என்பார். ஆகாது என்றால், “அப்புறம் எதுக்கு?” என்பார். என்ன சொன்னாலும் மேற்கொண்டு முக்கால் மணி நேரம் நிச்சயம்.

இவர் கையில்தான் அவிநாசிப் பெண் பிரீத்திகா போய் மாட்டினாள். அவளும் கூடப் படித்த சாய்சரணும் சேர்ந்து சோப்புக்கட்டி அளவில் ஒரு டப்பா செய்திருந்தார்கள். குளிர்க்கிடங்குக்குள் அதை மாட்டிவிட்டால், உள்ளே சூடு ஏறியதும் முதலாளியின் போனுக்குக் கூப்பிடும். கூப்பிட்டு, பிரீத்திகாவின் குரலிலேயே, “ஏனுங்க, ரூமு சூடாகுதுங்க. வெரசா வந்து பாருங்க” என்று சொல்லும். அவ்வளவுதான் விஷயம். ரங்கராஜ் சாருக்கு அந்தக் குரல்தான் பிடிக்கவில்லை. நாளைக்கே கலிஃபோர்னியாவில் ஒரு குளிர்க்கிடங்குக்காரர் வாங்கினால் ‘வெரசா’ புரியுமா என்று இரண்டு மாதம் கேட்டுக்கொண்டிருந்தார். அவளும் இரண்டு மாதம் “யோசிக்கிறேனுங்க சார்” என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.

கலிஃபோர்னியா இருக்கட்டும், உக்கடத்தில்கூட ஒருவரும் வாங்கியிருக்கவில்லை. சாய்சரணுக்குப் பெங்களூரில் வேலை கிடைத்துவிட்டது, திங்கட்கிழமை போய்ச் சேர வேண்டும். வெள்ளிக்கிழமைக்குள் முதல் ஆர்டர் வந்தால் இருக்கிறேன், வராவிட்டால் கிளம்புகிறேன் என்று சொல்லிவிட்டான். டப்பாவின் மூளை முழுக்க அவன் எழுதியது. அவன் போனால் டப்பா ஊமை. இருந்த ஒரே நம்பிக்கை, உக்கடம் பக்கம் பழ மண்டி வைத்திருக்கும் அப்துல் கையூம் பாய். அவருக்கு ஆறு குளிர் அறைகள். போன சீசனில் ஓர் அறையில் கம்ப்ரசர் நின்றுபோய் மாம்பழம் மொத்தமும் அழுகியதில் மனிதர் நொந்துபோயிருந்தார். வெள்ளிக்கிழமை பதினொரு மணிக்கு வரச் சொன்னார். பன்னிரண்டேகாலுக்குத் தொழுகைக்குப் போய்விடுவார், மறுநாள் காலையில் உம்ரா யாத்திரைக்கு விமானம்.

இதை வியாழக்கிழமை ரங்கராஜ் சாரிடம் போனில் சொன்ன பிரீத்திகா, வாய் தவறி ஒரு வார்த்தை சேர்த்துவிட்டாள்.

“நீங்களும் வாங்க சார்.”

நம் ஊரில் இதற்கு அர்த்தம் கிடையாது என்பது உங்களுக்குத் தெரியும். கடைவீதிக்குக் கிளம்புகிறவர் பக்கத்து வீட்டில் சொல்வதும், டிபன் பாக்ஸைத் திறக்கிறவர் பஸ்ஸில் அடுத்த சீட்டில் சொல்வதும், ஆஸ்பத்திரிக்கு ஊசி போடப் போகிறவர்கூட எதிரே வந்தவரிடம் சொல்வதும் இதைத்தான். பதிலும் தயாராக இருக்கிறது: “இருக்கட்டுங்க, நீங்க போயிட்டு வாங்க.” ஆயிரம் வருஷமாக இந்த ஏற்பாடு ஒழுங்காக நடந்துவருகிறது. ரங்கராஜ் சார் அதை முறித்தார்.

“வாரேன்,” என்றார்.

வந்தார். பதினொன்றுக்குப் பத்து நிமிடம் முன்பே, காரில், சந்தனக் கலர் சட்டையோடு. மண்டி மாடியில் கையூம் பாயின் அறை. மேஜைமேல் பிரீத்திகா ஒரு தெர்மோகோல் பெட்டியை வைத்தாள். அதற்குள் ஐஸ், ஐஸுக்கு நடுவில் டப்பா. மூடியைத் திறந்து வைத்துக் கொஞ்ச நேரம் காத்திருந்தால் உள்ளே சூடு ஏறும், பாயின் போன் அடிக்கும். மொத்தமே கால் மணி நேர வேலை என்று கணக்குப் போட்டிருந்தாள். “பாய், இது என்னன்னாங்க...” என்று ஆரம்பித்தாள்.

“ஒரு நிமிசம் அம்மணி,” என்றார் ரங்கராஜ் சார். “மொதல்ல பெரிய பிக்சரைப் பாத்துறலாம்.”

பெரிய பிக்சர் அவருடைய தாத்தாவின் பருத்திக்காட்டில் தொடங்கியது. பதினொன்று இருபதுக்கு மில் கட்டி முடித்தார்கள். பதினொன்றரைக்கு ஸ்ட்ரைக் வந்தது. கையூம் பாய் நடுவில் இரண்டு தடவை கடிகாரத்தைப் பார்த்தார். ஆனால் மண்டி தேடி வந்த பெரிய மனிதரை நிறுத்துங்கள் என்று எப்படிச் சொல்வது? “ஆமாங்க... சரிங்க...” என்று தலையாட்டினார். சாய்சரண் மேஜைக்கு அடியில் காலை ஆட்டிக்கொண்டிருந்தான், பெங்களூர் ரயிலில் ஏறி உட்கார்ந்துவிட்டவன் மாதிரி. பிரீத்திகா ‘சார், போதும்’ என்று சொல்ல நான்கு தடவை வாயைத் திறந்தாள். நான்கு தடவையும் வெளியே வந்தது “தண்ணி குடிக்கறீங்களாங்க சார்?” என்பதுதான். மூன்று மரியாதைக்காரர்கள் ஒரு பேச்சுக்காரரிடம் சிக்கிக்கொண்டால் போலீஸ் வந்துகூடக் காப்பாற்ற முடியாது.

பதினொன்று முப்பத்தைந்துக்கு அவருக்கு ஒரு கிராஃப் வரைந்து காட்ட வேண்டும்போல் இருந்தது. காகிதம் தேடினார், கிடைக்கவில்லை. தெர்மோகோல் பெட்டியின் மூடி வெள்ளை வெளேரென்று கண்ணில் பட்டது. எடுத்தார், மடியில் வைத்தார், பேனாவைத் திறந்தார். “இப்ப பாருங்க, இது நேரம், இது வளர்ச்சி...” கோடு மேலே ஏறியது. மேலே ஃபேன் சுற்றியது. வெளியே சித்திரை வெயில். திறந்து கிடந்த பெட்டிக்குள் ஐஸ் பாட்டுக்கு உருகிக்கொண்டிருந்தது. பிரீத்திகா அதைப் பார்த்தாள். மூடியைக் கொடுங்கள் என்று கேட்க அவளுக்கு நாக்கு எழவில்லை.

மணி பன்னிரண்டு ஐந்து. “இந்த எடத்துலதானுங்க கர்வ் அப்படியே எந்திரிக்கும்...” என்று ரங்கராஜ் சார் கையை உயர்த்தியபோது பாயின் போன் அடித்தது. எடுத்தார். ஸ்பீக்கர் போட்டிருந்தது போல, அறை முழுக்கக் கேட்டது:

“ஏனுங்க, ரூமு சூடாகுதுங்க. வெரசா வந்து பாருங்க.”

கையூம் பாய் பதறிப்போய் எழுந்து கதவு வரைக்கும் ஓடிவிட்டார். அங்கே நின்று பிரீத்திகாவைத் திரும்பிப் பார்த்தார். அவள் பெட்டியைக் காட்டினாள். வந்து விரலை விட்டுப் பார்த்தார். வெறும் தண்ணீர்.

“இதுவேதா கூப்புட்டுச்சா? யாரும் பட்டன் அமுக்கலயே?”

“இல்லீங்க பாய். அதுவாவே கூப்புட்டுச்சுங்க.”

“எதிர்ல ஆளு பேசிட்டிருந்தாலும் கூப்புடுமா?”

“யாரு பேசிட்டிருந்தாலும் கூப்புடுமுங்க,” என்றான் சாய்சரண். அன்றைக்கு அவன் பேசிய முதல் வாக்கியம் அது.

“அப்ப ஆறு ரூமுக்கும் போட்டுருங்க. மேட்டுப்பாளையத்துல என்ற மச்சான் நிஜாமுக்கு எட்டு ரூமு இருக்குது, அவருக்கும் சொல்றேன். அந்தக் கொரலை மட்டும் மாத்திப்போடாதீங்க கண்ணு. நம்மூட்டுப் புள்ள கூப்புடுற மாதிரி இருக்குது, கேட்டதும் ஓடத் தோணுது.” பிரீத்திகா நீட்டிய ஆர்டர் தாளில் ஈர விரலோடு நின்றபடியே கையெழுத்துப் போட்டார். தொப்பியை எடுத்துக்கொண்டார். மணி பன்னிரண்டேகால்.

கீழே காருக்குப் பக்கத்தில் பிரீத்திகா பெட்டியிலிருந்த தண்ணீரைக் கொட்டினாள். சாய்சரண் அந்த ஈரத் தாளை ஐந்தாவது தடவையாகப் படித்துக்கொண்டிருந்தான். ரங்கராஜ் சார் கையில் இன்னும் தெர்மோகோல் மூடி. அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கண்ணை மூடினார். ஒற்றைக் கண்ணைத் திறந்தார்.

“நா எதுக்கு மூடியை எடுத்தேன்னு நெனைக்கறீங்க?”

பதிலுக்குக் காத்திராமல் அவரே சொன்னார்:

“ஐஸு உருகோணுமில்ல? அதுவரைக்கும் யாராச்சும் பேசிட்டு இருக்கோணுமில்ல?”

இதற்கு என்ன பதில் சொல்வீர்கள்? கேட்டால் உண்மை மாதிரியேதான் இருக்கிறது. அதுதான் இந்த மென்டார் ஜாதியின் சாமர்த்தியம். பிரீத்திகாவும் நம் ஊர்ப் பெண்ணாயிற்றே! “எல்லாம் உங்க ஆசீர்வாதந்தானுங்க சார்,” என்றாள். அன்று சாயங்காலமே அந்த வாக்கியம், மூடியோடு அவர் சிரிக்கும் போட்டோவுடன், பதினான்கு வாட்ஸ்அப் குழுக்களுக்குப் போனது. மூடிக்கு இப்போது ஃபிரேம் போட்டாயிற்று, ஷீல்டுகளுக்கு நடுவில் இருக்கிறது. ‘மௌனமாக வழிநடத்துவது எப்படி’ என்ற தலைப்பில் மூன்று கல்லூரிகளில் பேசியும் விட்டார், ஒவ்வொன்றிலும் ஒன்றரை மணி நேரம்.

போன வாரம் பிரீத்திகா கொடுமுடிப் பக்கம் ஒரு வாழைக்காய்க் கிடங்கைப் பார்க்கக் கிளம்பினாள். ரங்கராஜ் சாரிடம் சொன்னபோது, “போயிட்டு வாரேனுங்க சார்” என்பதோடு கப்பென்று நிறுத்திக்கொண்டாள். போனில் அந்தப் பக்கம் அவர் காத்திருந்தார். இந்தப் பக்கம் அவள் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாள். அவள் அம்மா கேட்டுக்கொண்டே இருந்துவிட்டு, “ஏங்கண்ணு, பெரிய மனுசனை ஒரு வார்த்தை வாங்கன்னு கூப்புடாமயா போனை வெக்கறது?” என்று இரண்டு நாள் திட்டித் தீர்த்தாராம்.

சரி, உங்களை ஒன்று கேட்கிறேன். படித்துக்கொண்டு வரும்போது, ‘அந்தப் பெண் மூடியை முதலிலேயே தன் கையில் வைத்திருக்கலாமே’ என்று தோன்றியதா? ‘ஆர்டருக்கு முன்பணம் கேட்டிருக்க வேண்டும்’ என்று? சாய்சரணிடம் உட்கார்ந்து ஒரு பத்து நிமிடம் பேசினால் நன்றாக இருக்கும் என்று? எனக்கும் தோன்றியது. அவள் நம்பரைக்கூட வாங்கிவிட்டேன். யாராவது “நீங்களும் வாங்க” என்று சொல்வதற்குள், இப்போதே ஒரு தடவை சத்தமாகச் சொல்லிப் பழகுங்கள்: “இருக்கட்டுங்க, நீங்க போயிட்டு வாங்க.” தொண்டையிலேயே நின்றுவிட்டதா? பரவாயில்லை, நீங்களும் மென்டார்தான்; வீட்டில் கிரைண்டர் எத்தனை என்று எண்ணி வையுங்கள். பொன்னாடை வரத் தொடங்கிவிடும்.