பதினேழு வணக்கங்களும் ஒரு பாலமும்

அதிகாரம் வந்தால் ஒருவர் எப்படி மாறுவார் என்று பார்க்க வேண்டுமா? அடுத்தவர் மைக்கை அணைக்கும் பொத்தானை அவர் கையில் கொடுத்துப் பாருங்கள். என்னிடம் கொடுத்தார்கள். எனக்கு அப்போது இருபத்து நான்கு வயது. திண்டுக்கல் பக்கத்துப் பேரூராட்சி ஒன்றில் தற்காலிகக் கம்ப்யூட்டர் ஆபரேட்டர். (அதில் 'தற்காலிக' என்ற சொல் மட்டும் என் காதில் விழவே இல்லை.)

அந்த வருடம் எந்தெந்த வேலைகளை எடுப்பது என்று முடிவு செய்யும் கூட்டம் முதல்முறையாக ஆன்லைனில் நடந்தது. பொதுமக்களும் பேசலாம். "இழுத்துக்கிட்டே போகக்கூடாதும்மா" என்று செயல் அலுவலர் சொன்னார். உடனே நான் ஒரு சட்டம் போட்டேன். ஆளுக்கு இரண்டு நிமிடம். முடிந்ததும் குரலை அணைத்துவிடுவேன்.

பெயர் பதிய, மல்லிகைத் தோட்டம் போட்டிருந்த பாண்டியம்மாள் முதல்நாள் போன் செய்தார். "தாயி, ஓடைப்பாலம் ஒடஞ்சு கெடக்கு. மழை பேஞ்சா பூவை மார்க்கெட்டுக்குக் கொண்டுபோக முடியல. பிள்ளைக இடுப்பளவு தண்ணில பள்ளிக்கூடம் போகுதுக. மீட்டிங்ல சொல்லலாம்ல?"

"தாராளமா சொல்லுங்க, ரெண்டு நிமிஷம் இருக்கு" என்றேன், என்னைப் பெற்ற அத்தாவின் சொத்தை எழுதி வைப்பவளைப் போல.

எங்கள் ஊரில் மைக் கிடைத்தால் யாரும் சட்டென்று விஷயத்துக்கு வந்துவிட மாட்டார்கள். மேடையில் இருக்கும் ஒருவரையும் விடாமல் வணக்கம் சொல்லியாக வேண்டும். ஒருவர் விட்டுப்போனால் மூன்று வருடத்துக்குப் பகை. இதே ஊரில் பிறந்து வளர்ந்த எனக்கு அது நினைவுக்கு வரவில்லை. முதலில் பேசிய ஓய்வுபெற்ற வாத்தியார், பத்தாவது வார்டு 'அவர்களே'யில் இருக்கும்போது அணைத்தேன். அடுத்து வந்தவர்களுக்கும் அதே கதிதான்.

பாண்டியம்மாள் பட்டுச்சேலை கட்டி, தலை நிறையப் பூ வைத்துத் திரைக்கு வந்திருந்தார். தலைவர், செயல் அலுவலர், பதினைந்து கவுன்சிலர்கள் என்று வரிசை பிசகாமல் வணங்கினார். கடைசியாக, "இந்த மீட்டிங்கை அம்புட்டு அழகா நடத்துற தங்கச்சிக்கும் என்னோட..." என்றார்.

அந்த இடத்தில் அணைத்தேன்.

திரையில் அவர் உதடுகள் அசைந்துகொண்டே இருந்தன. கைகளால் தண்ணீர் எவ்வளவு உயரம் வரும் என்றுகூடக் காட்டினார். நானோ, பொதுமக்கள் பேசும் பகுதியைச் சரியான நேரத்தில் முடித்த பெருமையில் உடனே செயல் அலுவலருக்கு நடவடிக்கைக் குறிப்பை அனுப்பினேன்: 'பொதுமக்கள் பதினான்கு பேர் பேசினர். கோரிக்கை ஏதுமில்லை.'

செயல் அலுவலர் அதை வாய்விட்டே படித்தார். "ஏம்மா, பதினாலு பேரும் வணக்கம் சொல்லத்தான் வந்தாங்களா? அப்ப வேலைப் பட்டியலை இப்பவே முடிச்சிரலாமா?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. முடித்தால் பாலம் அடுத்த வருடத்துக்குப் போய்விடும். அவசரமாக என் மைக்கைத் திறந்தேன். "மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயல் அலுவலர் அவர்களே, ஒன்றாவது வார்டு..."

"உனக்கும் ரெண்டு நிமிஷந்தாம்மா" என்றார் தலைவர். திரையில் அத்தனை பெட்டிகளிலும் சிரிப்பு. (மைக்கை அணைத்திருந்தவர்கள் சிரித்ததும் எனக்குக் கேட்டது மாதிரியே இருந்தது.)

எல்லார் மைக்கையும் திறந்துவிட்டு, "என் தப்புதான் சார், அவங்க யாரும் இன்னும் விஷயத்தையே சொல்லல" என்றேன். பாண்டியம்மாள் உட்கார்ந்த இடத்தைவிட்டு நகரவே இல்லை. காத்திருந்தவர் போல ஒரே மூச்சில் சொன்னார்: "பாலம் ஒடஞ்சு கெடக்கு. பிள்ளைக தண்ணில போகுதுக. கட்டிக் குடுங்க. வணக்கம்."

பத்து விநாடிகூட ஆகவில்லை. பட்டியலில் முதல் வேலையாகப் பாலம் ஏறியது. மற்ற பதின்மூன்று பேரும் அதே பாணியைப் பிடித்துக்கொண்டார்கள். இன்றைக்கும் எங்கள் ஆன்லைன் கூட்டங்களில் கோரிக்கைதான் முதலில், வணக்கம் கடைசியில். அழைப்பிதழிலேயே அப்படிப் போடுகிறோம். பொத்தானை மட்டும் என்னிடம் யோசித்துத்தான் தருகிறார்கள்.

அன்று இரவு இதை வீட்டில் சொல்லித் தொலைத்தேன். அதிலிருந்து எங்கள் வீட்டில் யாரும் வணக்கம் போடாமல் பேச்சை முடிப்பதில்லை. "குழம்புல உப்பு இல்ல. வணக்கம்" என்பார் அத்தா. பாலம் கட்டி முடித்த மறு மாதம் நல்ல மழை. காலை ஏழு மணிக்குப் பாண்டியம்மாளிடமிருந்து போன் வந்தது. பின்னால் பிள்ளைகளின் கூச்சலும் சைக்கிள் மணியும் கேட்டன.

"பாலத்து மேல நிக்கிறேன் தாயி. கால் நனையல. வணக்கம்" என்று சொல்லிவிட்டு, என் பதிலுக்குக் காத்திராமல் அவரே அணைத்துவிட்டார்.