கூட வந்தவர்

“கூட யாரு வந்திருக்காங்க?” என்று கண் ஆஸ்பத்திரி வரவேற்புப் பெண் கேட்டதும், லிஃப்ட் மெக்கானிக்குக்கு வாய் முந்திக்கொண்டது.

“மச்சான். வெளியில நிக்கிறாரு.”

மச்சான் என்று யாரும் கிடையாது. மனைவி ஒற்றைப் பிள்ளை; அவளும் போய் இரண்டு வருடமாகிவிட்டது. வியர்வையில் வழுக்கி, மூக்குக் கண்ணாடி மறுபடியும் லிஃப்ட் குழிக்குள் விழுந்து நொறுங்கிய பிறகுதான், கண்ணாடியே வேண்டாம் என்று லேசர் பண்ணிக்கொள்ளும் யோசனை வந்தது.

“அவரைக் கூப்பிடுங்க சார். சொட்டு மருந்து விட்டிருக்கோம், தனியா உள்ள விட மாட்டாங்க.”

மருந்தால் எல்லாமே மங்கல். காத்திருந்தவர்களில் ஒரு கட்டம்போட்ட சட்டை மட்டும் பளிச்சென்று தெரிந்தது. மெக்கானிக் அதனிடம் குனிந்தார்.

“அண்ணே, தப்பா நினைக்காதீங்க. கொஞ்ச நேரம் எனக்கு மச்சானா இருக்க முடியுமா?”

சட்டைக்காரர் சட்டென்று எழுந்து கையைப் பிடித்துக்கொண்டார். “வாங்க மாப்பிள்ளை!”

உள்ளே ஆலோசகர் பெண்மணி ஒரு பிளாஸ்டிக் கண்ணைப் பிரித்து வைத்துக்கொண்டு விளக்கினார். “லாசிக்னா, கருவிழி மேல மெல்லிசா ஒரு மூடி மாதிரி வெட்டித் திறந்து, லேசர் அடிச்சு, திரும்ப மூடிடுவோம். மறுநாளே நல்லா தெரியும்.”

“வேலையில அடிகிடி பட்டா மூடி நகந்துடாதா?” என்றார் மச்சான்.

“நகர வாய்ப்பு இருக்கு. அப்ப ஸ்மைல்னு இன்னொரு முறை இருக்கு, அதைப் பாக்கலாம். மூடியே கிடையாது, சின்னக் கீறல் வழியா ஒரு துணுக்கை எடுத்துடுவோம். கண்ணும் அவ்வளவா உலராது.”

“அதுக்குக் கருவிழி கனமா இருக்கணுமே?”

“எல்லாம் தெரிஞ்சு வச்சிருக்கீங்களே!” ஆலோசகர் ரிப்போர்ட்டைப் புரட்டினார். “ஆமா, சாருக்கு மெல்லிசுதான். அப்ப பி.ஆர்.கே. மேல்தோலை மட்டும் எடுத்துட்டு லேசர். ஆனா சில நாள் நல்லா வலிக்கும், பார்வை மெதுவாத்தான் தெளியும். வீட்டுல மருந்து விட ஆள் வேணும்.”

மெக்கானிக் தரையைப் பார்த்தார். மச்சான் விட்டுக்கொடுக்கவில்லை.

“என் தங்கச்சி எதுக்கு இருக்கா? கண்ணுக்குள்ள வச்சுப் பாத்துக்குவா!”

ஆலோசகர் மேசை போனை அவர் பக்கம் நகர்த்தினார்.

“அப்ப போன் போடுங்க. எப்படி விடணும்னு அவங்களுக்கே சொல்லித்தரேன்.”

மச்சான் விழித்தார். “இப்ப முடியாதுங்க. அவ... எங்க வீட்டுக்கு வந்திருக்கா. பிரசவத்துக்கு.”

“அட! முதல் குழந்தையா சார்?”

“ஆமா,” என்றார் மெக்கானிக். அது தன் குரல்தானா என்று அவருக்கே சந்தேகமாக இருந்தது. ஒரு குழந்தைக்காக அவள் ஏறி இறங்காத ஆஸ்பத்திரி இல்லை. இந்த அறையில் மட்டும் உயிரோடு திரும்பி வந்து, உண்டாகியும் இருந்தாள்.

“அப்ப என்ன அவசரம்? அவங்க வந்தப்புறம் பண்ணிக்கலாம். குழந்தை முகத்தைக் கண்ணாடி போட்டே பாருங்க!”

போனவள் திரும்பி வரும்வரை லேசர் தள்ளிப்போயிற்று.

வெளியே வந்ததும் மச்சான் கையைப் பிசைந்தார். “மன்னிச்சிடுங்க மாப்பிள்ளை. ஒரு வேகத்துல...”

“பரவாயில்லண்ணே. அவ இப்ப இல்ல.”

மச்சான் மெக்கானிக்கின் முழங்கையை விடாமல் பிடித்து, ஒவ்வொரு படியாக இறக்கி வாசலில் கொண்டுவந்து விட்டார்.

“ஆபரேஷன் வச்சா சொல்லுங்க. மருந்து நானே வந்து விடறேன்.”

“முதல்ல உள்ள போங்கண்ணே. உங்க வீட்டு ஆளு தேடப்போறாங்க.”

அவர் உள்ளே ஒருமுறை எட்டிப் பார்த்தார். பிறகு தலையை ஆட்டிவிட்டுப் படியேறினார்.

வண்டிக்குக் கைகாட்டிக்கொண்டிருந்த காவலாளியிடம் மெக்கானிக் கேட்டார். “அவரு வீட்டுல யாருக்குக் கண்ணு சரியில்ல?”

“அவருக்கு யாரு சார் இருக்கா? தினமும் காலையில வந்து உக்காந்துருவாரு, யாராச்சும் துணைக்குக் கூப்பிட மாட்டாங்களான்னு. நேத்து ஒரு பொண்ணுக்கு அப்பாவா இருந்தாரு. அவ்வளவு சந்தோஷம் மனுஷனுக்கு.”