கதவு பற்றிய கலந்துரையாடல்

கோடை விடுமுறையில் ஆசிரியர்கள் சும்மா இருப்பதால் அறிவியலுக்கு நேரும் இழப்பை ஈடுகட்டும் பொருட்டு, ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரை அறிவியல் நடத்தும் எங்களையெல்லாம் மேலிடம் பயிற்சிக்கு அழைத்திருந்தது. இந்த ஆண்டின் மோஸ்தர், 'விடை கூறாக் கற்பித்தல்'. யார் எதைக் கேட்டாலும் ஆசிரியர் விடை சொல்லக் கூடாது. திருப்பிக் கேள்விதான் கேட்க வேண்டும். வாய் தவறி விடை சொன்னவர் அடுத்த கோடையிலும் வந்து இதே பயிற்சியைப் பெறுவார். இதைவிடக் கொடிய தண்டனையை மனித குலம் இன்னும் கண்டுபிடிக்கவில்லை.

கடைசி நாள் மதியம் காந்தம் எடுக்க ஆய்வகத்துப் பொருள் அறைக்குள் போனேன். காற்றில் கதவு சாத்திக்கொண்டது. வெளிப்பக்கக் கைப்பிடியை முந்தின நாள்தான் எங்கள் குழு கழற்றி, நெம்புகோலுக்கு எடுத்துக்காட்டாக அட்டையில் ஒட்டிப் பாராட்டு வாங்கியிருந்தது. உள்பக்கக் கைப்பிடி எவ்வளவு இழுத்தும் மசியவில்லை. ஸ்டேஷனில் மனைவியும் பிள்ளைகளும் மாலை வண்டிக்குக் காத்திருப்பார்கள். பிள்ளைகள் இதுவரை கடலைப் பார்த்ததில்லை.

"யாராவது கதவைத் திறங்க" என்று தட்டினேன்.

"கதவு ஏன் திறக்கலைன்னு நீங்க நினைக்கிறீங்க?" என்றார் பயிற்சியாளர், குரலில் தேன் ஒழுக.

"விளையாடாதீங்க சார். வண்டிக்கு நேரமாச்சு."

"நேரம்னா என்ன?" என்றார் பயிற்சியில் என் பக்கத்து நாற்காலிக்காரர். ஆள் நன்றாகத் தேறியிருந்தார்.

அந்தப் பள்ளியிலேயே வேலை பார்க்கும் டீச்சரக்காவுக்குக் கதவின் குணம் அத்துப்படி. "தம்பி, அந்தக் கைப்பிடிய..." என்று ஆரம்பித்தார். பயிற்சியை மேற்பார்வையிட வந்திருந்த மேலிடத்து அதிகாரி பேனாவைத் திறந்தபடி லேசாகக் கனைப்பது சாவித் துவாரத்தில் தெரிந்தது. "...கைப்பிடியப் பத்தி உங்களுக்கு என்ன தோணுது?" என்று அக்கா முடித்துக்கொண்டார். எனக்குத் தோன்றியதை எழுத்தில் கொண்டுவர இயலாது.

வெளியே கதவுக் குழு, பூட்டுக் குழு, உள்ளே இருப்பவர் குழு என்று பிரிந்து படம் வரைய ஆரம்பித்தார்கள். மூன்றாவது குழு சாவித் துவாரம் வழியாக என் உணர்வுகளை விசாரித்தது. அழுகையும் ஆத்திரமும் பொங்க, கைப்பிடியைப் பிய்த்தே எறிவதென்று மேலே தூக்கி இழுத்தேன். கதவு திறந்துகொண்டது. ஒரே கைதட்டல்.

"பாத்தீங்களா? சொல்லிக் கொடுத்திருந்தா இந்த ஆனந்தம் கிடைச்சிருக்குமா?" என்றார் பயிற்சியாளர்.

அதிகாரிக்குப் பரவசம் தாங்கவில்லை. அந்தக் கதவைத் தாமே ஆராய உள்ளே போய்ச் சாத்திக்கொண்டார். உள்ளே கைப்பிடி லொடலொடவென்று ஆடியது.

"இதை எப்படித் திறக்கறது?"

"எப்படின்னு நீங்க நினைக்கிறீங்க சார்?" என்றோம், ஒரே குரலில்.

"அட, சொல்லித் தொலைங்கப்பா."

"சொன்னா என்ன ஆகும் சார்?"

அவர் கையெழுத்துப் போடாமல் யாரும் வாசலைத் தாண்ட முடியாது. எனக்குக் கடல் நினைவு வந்தது. அடுத்த கோடை போனால் போகிறது என்று வாயைத் திறந்துவிட்டேன்.

"கைப்பிடியத் தூக்கி இழுங்க சார்."

வியர்வையில் குளித்து வெளியே வந்தவர் என்னைக் கட்டிக்கொண்டார். கண் கலங்கியிருந்தது. பிறகு அதே கலங்கிய கண்ணோடு அடுத்த கோடைக்கு என் பெயரை எழுதினார். எழுதியவர் கொஞ்சம் யோசித்தார். விடையைத் தாமே கண்டறியாமல் காதால் கேட்டவர்களும் பயிற்சி நிறைவுறாதவர்களே என்று முடிவுகட்டி, அங்கிருந்த அத்தனை பேரையும் சேர்த்தார். நேர்மையான மனிதர். கடைசியில் தம் பெயரையும் எழுதிக்கொண்டார்.

ஓட்டமாக ஓடி, வண்டி நகரும்போது தொற்றிக்கொண்டேன். மனைவி என் பையை வாங்கி வைத்தாள்.

"ஒரு வழியா முடிஞ்சுதா? அடுத்த லீவுலயாவது இந்தத் தொல்லை இல்லாம இருப்போமாங்க?"

அவள் முகத்தைப் பார்த்ததும் எனக்கு உண்மை வாயில் வரவில்லை. கற்ற கல்வி கைகொடுத்தது.

"நீ என்ன நினைக்கிறே?" என்றேன்.

அவள் தானாகவே ஒரு விடையைக் கண்டுபிடித்து, சிரித்துக்கொண்டே பிள்ளைகள் பக்கம் திரும்பினாள்.

"அடுத்த வருஷம் மலைக்குப் போறோம். அப்பா சொல்லிட்டார்."