நாற்பத்தொரு மூச்சு மெஷின்கள்

ஊருக்கு ஊர் ஒரு படிவப் புலி இருப்பார். அரசாங்கம் எந்தப் பொருளுக்கு எவ்வளவு பங்கு தரும், எந்தக் காகிதத்தில் எந்த மூலையில் கையெழுத்துப் போட வேண்டும், திங்கட்கிழமை போனால் கவுண்டரில் சிடுசிடுக்கும் அம்மாள் இருப்பாளா சிரித்த முகத்து ஆள் இருப்பானா, அத்தனையும் அவருக்கு அத்துப்படி. முட்டி வலிக்கிறது என்று அவரிடம் சொல்லிப் பாருங்கள். எந்த முட்டி என்று கேட்க மாட்டார். விண்ணப்பம் போட்டாயிற்றா என்றுதான் கேட்பார்.

கனடாவின் வடக்கு ஒன்ராறியோவில், ஒரு காகித ஆலையைச் சுற்றி வளர்ந்த எங்கள் ஊரின் படிவப் புலி ஓவிலா ரென்வில். ஆலையில் முப்பத்திரண்டு வருடம் தொழிற்சங்கப் பிரதிநிதியாக இருந்தவர். ஓய்வு பெற்றபோது ஆலை அவருக்குக் கடிகாரம் கொடுத்தது. அவர் அதற்கான உத்தரவாதப் படிவத்தை அங்கேயே நின்று நிரப்பினார். காலையில் டோனட் கடையின் மூலை மேசைக்கு வந்துவிடுவார். காது மெஷினா, சக்கர நாற்காலியா, வாருங்கள். ஆனால் அவர் உண்மையில் கொடிகட்டிப் பறந்தது மூச்சு மெஷினில்.

தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வரும் ஆசாமிகளுக்கு முகமூடி வழியே காற்றை ஊதும் பெட்டி அது. விலையில் முக்கால் பங்கை அரசாங்கமே ஏற்கும். ஆனால் ஒரு ராத்திரி மருத்துவமனையில் தலை முழுக்க ஒயர் ஒட்டிக்கொண்டு தூங்கிக் காட்ட வேண்டும். மருத்துவர் அவர் பகுதியை எழுத வேண்டும், விற்பவர் அவர் பகுதியை, நோயாளி அவர் பகுதியை. அவசரப்பட்டு முன்னாலேயே மெஷினை வாங்கிவிட்டால் சல்லிக்காசு கிடைக்காது. ஐந்து வருடத்துக்கு ஒரு முறைதான் கேட்கலாம். இதையெல்லாம் ஓவிலா ஜெபம் போலச் சொல்வார். நாற்பத்தொரு பேருக்கு வாங்கிக் கொடுத்திருக்கிறார். பாதிரியாருக்கும் அவர்தான்.

அவருக்கு ஆள் பிடிப்பதிலும் சிரமம் இல்லை. அக்டோபரில் மூஸ் என்கிற பெரிய மான் வேட்டைக்குப் போகிறோம். ஒரே குடிசை, எட்டுப் பேருக்கு அடுக்குக் கட்டில், ஒரு வாரம். எவன் எப்படித் தூங்குகிறான் என்பது எங்கள் ஊரில் ரகசியமாக இருக்கவே முடியாது. குறட்டை எல்லை மீறினால் ஆளைத் தூக்கப் பையோடு வெளியே நிற்கும் டிரக்குக்கு அனுப்பிவிடுவது வழக்கம். ஒன்பது வருடமாக டிரக்கில் தூங்குபவர் யார் என்கிறீர்கள்? ஓவிலாவேதான். ஆனால் கேட்டால், தொங்கவிட்ட இறைச்சியைக் கரடி கொண்டுபோய்விடாமல் தான் காவல் இருப்பதாகச் சொல்வார். கரடி வந்ததே இல்லை. அந்தச் சத்தத்துக்குக் கரடி எப்படி வரும்?

வீட்டில் அவருடைய மனைவி ஜிஸ்லேன் பதினோரு வருடமாக எதிர் அறையில், மகளின் பழைய கட்டிலில் படுக்கிறாள். கதவை மட்டும் சாத்துவதில்லை. கட்டிலுக்கு அடியில், கைக்கு எட்டும் இடத்தில், மகனுடைய பழைய ஹாக்கி மட்டை ஒன்று இருக்கும். குறட்டை திடீரென்று நின்று, அடுத்த மூச்சு வராமல் போனால், அந்த மட்டையால் சுவரில் இரண்டு தட்டு தட்டுவாள். அவர் திணறி எழுந்து மூச்சை இழுத்து, குளிருக்குப் பழைய வீட்டின் வெந்நீர்க் குழாய் சத்தம் போடுகிறது என்று முடிவு செய்து, மறுபடி தூங்கிப்போவார். சோதித்துக்கொள் என்று அவள் சொல்லாமலா இருந்தாள்? ஒவ்வொரு முறையும் அவர் ஒரே பதில்தான் சொன்னார்: அவளுக்குத் தூக்கம் வரவில்லையென்றால் அதற்கும் ஒரு படிவம் இருக்கிறது, எழுதித் தருகிறேன்.

நாற்பத்திரண்டாவது ஆளாக வந்தவர் ஃபெர்ன் ஷார்பொனோ. பள்ளிப் பேருந்து ஓட்டுபவர். ரயில்வே கேட்டில் நின்றவர் சரக்கு ரயில் போய் முடிந்த பிறகும் நகரவில்லை. பின்னால் வந்தவர்கள் இறங்கிப் போய்க் கண்ணாடியைத் தட்டி எழுப்பினார்கள். நல்ல வேளை, பேருந்தில் பிள்ளைகள் இல்லை. சிகிச்சை தொடங்கும்வரை வண்டியைத் தொடக்கூடாது என்று மருத்துவர் சொல்லிவிட்டார். ஆகவே இரண்டு மணி நேரத் தூரத்திலிருந்த தூக்க மருத்துவமனைக்கு ஓவிலாவே காரில் அழைத்துப் போனார். பக்கத்து இருக்கையில் ஜிஸ்லேன் உட்கார்ந்து, பத்து நிமிடத்துக்கு ஒரு தரம் அவர் தொடையைக் கிள்ளிக்கொண்டே வந்தாள். இந்த வயதிலும் என்ன ஆசை என்று ஃபெர்ன் பின்னாலிருந்து ரசித்தாராம்.

காத்திருப்பு அறையில் கேள்வித்தாள் கொடுத்தார்கள். உட்கார்ந்து படிக்கும்போது தூங்கிவிடுவீர்களா, பேசிக்கொண்டிருக்கும்போதே தூங்கிவிடுவீர்களா என்கிற ரகம். ஓவிலா அறை முழுவதற்கும் பொதுவாகப் பாடம் எடுக்க ஆரம்பித்தார். நாற்காலி இதமாக இருந்தது. ஹீட்டரும் பக்கத்தில்.

"இதப் பாரு ஃபெர்ன், எல்லாரும் கோட்ட விடுறது நாலாவது பகுதிலதான். அதுல நீ..."

அவ்வளவுதான். தலை சாய்ந்தது. குறட்டை எழுந்தது, ஏறியது, சுவரில் மாட்டியிருந்த படம் அதிர்ந்தது. பிறகு பட்டென்று நின்றது.

அந்த அறையில் இருந்த ஒன்பது பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டார்கள். வரவேற்பு மேசைப் பெண் கடிகாரத்தைப் பார்த்தாள். பத்து விநாடி. இருபது. ஜிஸ்லேன் எழுந்து நின்றுவிட்டாள். கை தன்னாலேயே மட்டையைத் தேடியது. முப்பத்தொன்றாவது விநாடியில் ஓவிலா தண்ணீரிலிருந்து வெளியே வந்தவர் போல ஒரு மூச்சை இழுத்தார்.

"...கையெழுத்த மட்டும் மறந்துடாத," என்று முடித்தார்.

மேசைப் பெண் ஒரு கேள்வித்தாளை எடுத்து வந்து அவர் மடியில் வைத்தாள்.

"இது உங்களுக்கு, மிஸ்யே ரென்வில்," என்றாள் பிரெஞ்சு மரியாதையோடு.

"எனக்கா? நான் கண்ண மூடி யோசிச்சுட்டு இருந்தேன்மா."

"மூச்சயும் மூடிக்கிட்டா யோசிப்ப?" என்றார் ஃபெர்ன்.

ஓவிலா சிரித்துச் சமாளிக்கப் பார்த்தார். அப்போதுதான் ஜிஸ்லேன் பேசினாள். குரலை உயர்த்தவில்லை.

"ராத்திரி சுவத்துல தட்டுறது குழாய் இல்ல ஓவிலா. நான்தான். நான் அசந்து தூங்கிட்டா மறுநாள் உன்னப் பாப்பேனோ மாட்டேனோன்னு பதினோரு வருஷமா பயந்துக்கிட்டுப் படுத்திருக்கேன்."

சங்கத்துக்காக ஆலை முதலாளியையே வாயடைக்க வைத்த மனிதர் கேள்வித்தாளை எடுத்தார். முதல் முறையாக, இன்னொருவரிடம் பேனா கேட்டார்.

அவருக்கும் சோதனை நடந்தது. மணிக்கு ஐம்பத்தெட்டு முறை மூச்சு நின்றிருந்தது. இனி எல்லாம் சுலபம் என்றுதானே நினைக்கிறீர்கள்? படிவப் புலியின் சொந்தப் படிவம் அல்லவா! முத்து முத்தான கையெழுத்தில் தன் பகுதியை எழுதினார். பழக்க தோஷம், விற்பவர் பகுதியையும் எழுதினார். மருத்துவருக்கு எதற்குச் சிரமம் என்று மருத்துவர் பகுதியையும் எழுதி, நோய் இன்னதென்று தாமே கண்டுபிடித்துக் கட்டத்தில் குறியும் போட்டு அனுப்பினார். ஆறு வாரம் கழித்து அது அப்படியே திரும்பி வந்தது. அதற்குள் ஃபெர்னின் மெஷின் வந்து அவர் பேருந்தில் ஏறிவிட்டார். ஆறு வாரமும் ஜிஸ்லேன் மட்டையோடு படுத்தாள்.

இரண்டாவது படிவத்தை அவளே கொண்டுபோய் மருத்துவர் முன்னால் வைத்தாள். பிறகு வீட்டில், ஓவிலா கையெழுத்துப் போட வேண்டிய ஒரே இடத்தில் விரலை வைத்து, "இங்க போடு. பேனாவ வச்சுடு," என்றாள். போட்டார். வைத்தார்.

மெஷின் வந்த அன்று அவள் தன் தலையணையை ஓவிலாவின் அறைக்குத் திரும்பக் கொண்டுவந்தாள். மட்டை கராஜுக்குப் போயிற்று. எனக்கு இதில் கேலி செய்ய ஒன்றுமில்லை, சந்தோஷமாகத்தான் இருக்கிறது. ஓவிலா மட்டும் டோனட் கடையில், தனக்கு இது இருக்குமென்று ஆரம்பத்திலிருந்தே சந்தேகம்தான் என்று சொல்லிக்கொண்டிருக்கிறார்.

நீங்கள் அப்படிப்பட்ட ஆள் இல்லைதான். ஆனால் இதைப் படிக்கும்போதே, அடடா, இதை அவனுக்கு அனுப்ப வேண்டும் என்று மூன்று நான்கு முகங்கள் உங்கள் மனதில் வந்திருக்குமே? ஓவிலாவுக்கும் வந்தன. நாற்பத்தொரு முகங்கள். அனுப்புங்கள், நல்ல காரியம். அதற்கு முன்னால், உங்கள் வீட்டு எதிர் அறையில் படுக்கிறவரின் கட்டிலுக்கு அடியில் என்ன இருக்கிறது என்று ஒரு தரம் குனிந்து பார்த்துவிடுங்கள்.