கரியாலூர் வரைக்கும் குந்தக் கூடாது

அருளப்பன் கடைசியாகச் செய்த காரியம், அண்ணன் சைக்கிளுக்குக் காற்றடித்ததுதான். "பின்னாடி கம்மியா இருந்துச்சுண்ணா, ஏத்திட்டேன்" என்று சொல்லிவிட்டு, பக்கத்து வீட்டுப் பம்பைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் படுத்தான். விடிந்தபோது அவன் இல்லை. தன் முடிவைத் தானே தேடிக்கொண்டுவிட்டான்.

ஒரு வருடமாகத் தூக்கமும் பேச்சும் குறைந்து கிடந்த தம்பியை மனநோய் டாக்டரிடம் காட்ட வேண்டும் என்று சவரியப்பன் நினைத்துக்கொண்டேதான் இருந்தார். டாக்டர் பாண்டிச்சேரியில் இருந்தார். லீவு கிடைக்கட்டும், மழை விடட்டும் என்று நாள் தள்ளிப்போனது.

இனி டாக்டர்தான் கள்ளக்குறிச்சிக்கு வர வேண்டும் என்று சவரியப்பன் முடிவு செய்தார். வெளிநாட்டில் மாரத்தான் ஓடி நல்ல காரியத்துக்குப் பணம் திரட்டுகிறார்கள் என்று எப்போதோ பேப்பரில் படித்திருந்தார். அவர் கூட்டுறவுச் சங்கத்தில் எழுத்தர்; வயது நாற்பத்தெட்டு. அதுவரை பஸ்ஸுக்காக மட்டுமே ஓடியிருக்கிறார், பெரும்பாலும் பஸ்தான் ஜெயித்திருக்கிறது.

பணம் கேட்டுப் போனபோது, கரும்புக்காரர் கொளஞ்சியப்பன் சிரிக்காமல் கேட்டார். பிறகு நிபந்தனை போட்டார். இங்கிருந்து கரியாலூர் மலைக்கு இருபத்தைந்து மைல். பொழுது சாய்வதற்குள் ஓடிப் போய்ச் சேர வேண்டும். நடக்கலாம், நிற்கலாம், வழியில் எங்கேயும் உட்காரக் கூடாது. செய்துவிட்டால் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருக்கும் அவருடைய இரண்டு அறைகளும் டாக்டருக்கு இலவசம், மாதம் ஒருமுறை டாக்டரை அழைத்து வரும் செலவும் அவருடையது.

"குந்திட்டா ஒண்ணும் கெடையாது. கண்ணால பாத்தாத்தான் நம்புவேன்" என்றவர், முதல் நாளே ஜீப்பில் மேலே போய், பாப்பாத்தியின் டீக்கடையில் இடம் பிடித்துக்கொண்டார்.

அது எண்பத்தேழு செப்டம்பர். ஓட வேண்டிய அன்றைக்கே இடஒதுக்கீடு கேட்டுச் சாலை மறியல் தொடங்கிவிட்டது. வழியெங்கும் மரத்தை வெட்டிப் போட்டிருந்தார்கள். மனைவி லூசி வேண்டாமென்றாள்.

"மரம் பஸ்ஸுக்குத்தான். காலுக்கு இன்னா?" என்றார் சவரியப்பன். மாதா கோயிலில் மெழுகுவத்தி ஏற்றி, நிதானமாக ஜெபம் சொல்லிவிட்டு அங்கிருந்தே ஓட்டத்தைத் தொடங்கினார். லூசி கோயிலுக்குக்கூட வரவில்லை. கோபம் என்று நினைத்துக்கொண்டார்.

முதல் மரம் ஒரு புளியமரம். அதன் மேல் பத்துப் பையன்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். அவர்களுக்குத் தலைவன் மாதிரி இருந்த இளஞ்செழியன் எழுந்து துண்டால் மரத்தைத் தட்டிச் சுத்தம் செய்தான்.

"வாங்கண்ணா, குந்துங்க. எங்க போய்க்கினு இருக்கீங்க?"

"கரியாலூர். மனநோய் டாக்டருக்காக ஓடுறேன்."

பையன்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ஒருத்தன் சைக்கிளைத் தூக்கி மரத்துக்கு அந்தப் பக்கம் போட்டு, மலைப் பக்கமாக மிதித்துக்கொண்டு போனான். இளஞ்செழியன் கூடவே ஓடி வந்தான். தனக்கும் அந்தப் பக்கம்தான் வேலை என்றான். வழி முழுக்க, நெல் என்ன ரகம், சங்கத்தில் யூரியா வந்ததா என்று கேட்டுக்கொண்டே வந்தான்.

இரண்டாவது மரத்தில் ஸ்டூல் போட்டிருந்தார்கள். மூன்றாவதில் பாய் விரித்து, இலையும் போட்டிருந்தார்கள். அங்கேதான் சவரியப்பனுக்குப் பொறி தட்டியது. இதெல்லாம் கொளஞ்சியப்பன் வேலை. அறை கொடுக்க மனசில்லாமல், வழியெல்லாம் ஆளை வைத்து உட்கார வைக்கப் பார்க்கிறார்.

அதனால் நின்றுகொண்டே சாப்பிட்டார். பந்தியில் நின்றபடி சாம்பாரைப் பிசைந்தவரை ஊரே வேடிக்கை பார்த்தது. கிளம்பும்போது எண்ணிப் பார்த்தார். பின்னால் பதினோரு பேர்.

அவர்களைக் கழற்றிவிட வேகமாக ஓடினார். அவர்களும் வேகமாக ஓடினார்கள். கூட்டம் ஓடுவதைப் பார்த்து இன்னும் பதினைந்து பேர் சேர்ந்துகொண்டார்கள்.

கச்சிராயபாளையத்தில் முடிதிருத்தும் சின்னதுரை நாற்காலியோடு நடுரோட்டில் வழிமறித்தார். சவரம் இலவசம் என்றார். முடியாதென்று சொல்லிப் பார்த்தும் விடவில்லை. நின்றபடிதான் என்று சவரியப்பன் கறாராகச் சொன்னார். சின்னதுரை இரண்டு கன்னத்திலும் கால் மணி நேரம் நுரை போட்டார். பிறகு இடுப்பைத் தடவினார்.

"அடடா, கத்திய வூட்லயே வெச்சிட்டேங்க. செத்த குந்துங்க, எடுத்தாறேன்."

கத்தி இல்லாத சவரத்தை சவரியப்பன் வாழ்க்கையில் கேள்விப்பட்டதில்லை. நுரையோடு ஓடினார். சின்னதுரை பிரஷ்ஷோடு துரத்தினார்.

இதற்குள் ரங்கம்மாள் என்றொரு அம்மாள் தன் வீட்டுக் கயிற்றுக் கட்டிலைக் கொடுத்தனுப்பியிருந்தாள். எங்கே களைப்பு வந்தாலும் அங்கேயே உட்காரலாமாம். நாலு பேர் கட்டிலைத் தோளில் தூக்கிக்கொண்டு பின்னால் ஓடி வந்தார்கள். எதிரே வந்தவர்கள் துண்டை எடுத்துக் கக்கத்தில் வைத்து, ஒதுங்கி நின்றார்கள். இறந்தவர் யார் என்று ஒருவர் மெதுவாகக் கேட்டார். முன்னால் ஓடுகிறாரே அவருக்குத்தான் கட்டில் என்று தெரிந்ததும் அவரும் கூட ஓடி வந்தார்.

கோமுகி அணைக்கரை வந்தது. கூட்டம் மொத்தமும் தண்ணீர்ப் பக்கமாக மாறி, கைகோத்துக்கொண்டு ஓடியது. மலைப்பாதையில் பள்ளத்தின் பக்கம் அதே மாதிரி. தன்னை நெருக்கி விழவைக்கிறார்கள், விழுந்தால் உட்கார்ந்த கணக்கு என்று சவரியப்பன் பாறையை உரசிக்கொண்டே ஏறினார். முட்டியிரண்டும் தனித்தனியாக அழுதன. ஒரு வளைவில் கண் இருட்டியது. ஒரு மரத்தைக் கட்டிக்கொண்டு நின்றார். உடனே எட்டுப் பேர் அவரையும் மரத்தையும் சேர்த்துக் கட்டிக்கொண்டார்கள். அருளப்பனைப் போல இன்னொருத்தன் எந்த ஊரிலோ விழித்துக்கொண்டு படுத்திருப்பான் என்று நினைத்தபோதுதான் கால் மறுபடி நகர்ந்தது.

பொழுது சாய இன்னும் ஒரு முழம் இருக்கும்போது கரியாலூர் வந்தது. காய்ந்த நுரை, வீங்கிய கால், பின்னால் எண்பது பேர், ஒரு கட்டில். டீக்கடை பெஞ்சிலிருந்து கொளஞ்சியப்பன் எழுந்தே விட்டார்.

"எங்கியும் குந்தலியா?"

"இல்லீங்க" என்றான் இளஞ்செழியன் மூச்சு வாங்க. "நாங்களும் கெஞ்சிப் பாத்துட்டோம்."

கொளஞ்சியப்பன் மடியிலிருந்து சாவிக்கொத்தை எடுத்து நீட்டினார். அடுத்த மாதமே டாக்டருக்குக் கார் அனுப்புவதாகச் சொன்னார். சவரியப்பன் சாவியை வாங்கிக்கொண்டார். கோபத்தை மட்டும் விடவில்லை.

"குடுக்குறதுன்னா நேராக் குடுக்கணும். என்னைக் குந்தவெக்க வழியெல்லாம் ஆள் வெச்சது நாயமாங்க?"

கொளஞ்சியப்பன் விழித்தார். ரிஷிவந்தியத்து அர்த்தநாரீசுவரர் மேல் சத்தியம், தான் யாரையும் வைக்கவில்லை என்றார். சின்னதுரை பிரஷ்ஷை முதுகுக்குப் பின்னால் மறைத்தார்.

பாப்பாத்திதான் டீயை ஆற்றிக்கொண்டே சொன்னாள்.

"அவுரு இல்லீங்கண்ணா. நீங்க கோயில்ல இருக்கசொல்ல உங்க வூட்டுக்காரம்மா மொத மரத்தாண்ட வந்து, 'தம்பி போன துக்கத்துல கெளம்பிட்டாரு, இவரயும் ஒத்தையா வுட்டுடாதீங்க'ன்னு அழுதுச்சாம். மரத்துக்கு மரம் சைக்கிள்ல சேதி சொல்லிக்கினே வந்தாங்க, மத்தியானமே என் காதுக்கு வந்துடுச்சு. மத்தபடி மாரத்தான்னா இன்னான்னு எங்க யாருக்கும் இப்பவும் தெரியாதுங்க."