முதல் நொடித் தீர்ப்பாளர்

எதையும் பார்த்த முதல் நொடியிலேயே தீர்ப்பு சொல்லிவிடுகிற ரகம் ஒன்று இருக்கிறது. உங்களுக்கும் தெரிந்தவர்கள்தான். எங்கள் வீட்டில் அந்தப் பதவி என் மச்சானுடையது. பேத்தி பிறந்த அன்று, ஆஸ்பத்திரி அறைக் கதவைத் திறந்ததும் திறக்காததுமாக, "அடடா, மூக்கு அப்படியே எங்க அக்கா மூக்கு!" என்று கண் கலங்கினார். அது பக்கத்துக் கட்டில்காரர் பிள்ளை. எங்கள் தங்கத்தை அப்போதுதான் துடைத்துக்கொண்டிருந்தார்கள். (மூக்கு என் மூக்கு. அதில் சந்தேகமே வேண்டாம்.)

இப்பேர்ப்பட்டவர் கையில் ஒரு போன், அதற்குள் ஒரு செஸ் ஆப். பலகையில் காய்கள் நிற்கிற நிலையைப் போட்டால், யார் கை ஓங்கியிருக்கிறது என்று எண் காட்டும். உடனே காட்டுவது மேலோட்டம். கொஞ்சம் விட்டுவைத்தால்தான் நாலைந்து நகர்த்தல் தள்ளி எட்டிப் பார்த்து, தன்னையே திருத்திக்கொள்ளும். மச்சானாவது, விட்டுவைப்பதாவது!

போன வாரம் செஸ் மன்றத்தில் என் மருமகனுக்கும் எங்கள் தெருத் தையல்காரருக்கும் ஆட்டம். ஜெயிப்பவருக்குத்தான் அணியில் மிச்சமிருந்த ஒரே இடம். பிள்ளையைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டே இதற்காகப் பயிற்சி எடுத்தவர் மருமகன். நன்றாகக் கணக்குப் பண்ணித்தான் யானையை வெட்டுக் கொடுத்தார். எதிரே நின்ற மச்சான் போனைத் தட்டினார். எண் சரிந்தது, முகம் அதைவிட வேகமாகச் சரிந்தது. உதட்டைப் பிதுக்கி, போனை ஜன்னல் விளிம்பில் போட்டுவிட்டு, இரண்டு கையையும் தலையில் வைத்துக்கொண்டார். விளையாடுகிறவருக்குப் போனைக் காட்டக் கூடாது என்று மன்றத்தில் விதி இருக்கிறது. முகத்தைக் காட்டக் கூடாது என்று எங்கே இருக்கிறது?

மருமகன் அந்த முகத்தைப் பார்த்தார். யானை இருந்த கட்டத்தைப் பார்த்தார். தோற்றதாக ஒப்புக்கொண்டு கையை நீட்டிவிட்டார். தையல்காரர் விடுவாரா? மனசு மாறுவதற்குள் பிடித்துக் குலுக்கிவிட்டார்.

ஜன்னலோரம் போன் அதுபாட்டுக்கு யோசித்துக்கொண்டே இருந்திருக்கிறது. என் மகள் எடுத்துப் பார்த்தாள். யானையைக் கொடுத்தவருக்கே வெற்றி என்றது.

"ஏன் மாமா, அது கொஞ்ச நேரம் யோசிச்சா உங்களுக்கு எங்க வலிக்குது?"

"இப்படித் திரும்பும்னு எனக்கு அப்பவே தெரியும்மா. மாப்பிள்ளைதான் அவசரப்பட்டுட்டாரு!"

தையல்காரர் அணிச் சட்டைக்குத் தனக்குத்தானே அளவெடுத்துக்கொண்டிருந்தார்.

நீங்கள் அந்த ரகம் இல்லை என்கிறீர்களா? நான் இன்னும் கேட்டே முடிக்கவில்லை, அதற்குள் சொல்லிவிட்டீர்களே!